குடவாசலுக்குத் தெற்கே ஒரு நட்சத்திரம்

கும்பகோணத்திலிருந்து திருவாரூருக்குப் போகும் சாலையில் ஊர்களுக்கும் குறைவில்லை, கோபுரங்களுக்கும் குறைவில்லை. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறைகளின் ஓசை காதில் விழும். திருச்சேறையில் சாரநாதப் பெருமாள் கோயில் கோபுரம் தலைகாட்டும். அதற்கப்பால் வயலும் வாய்க்காலும் தென்னையும் மூங்கிலுமாக ஓடிக்கொண்டிருக்கையில் குடவாசல் வந்து சேரும். யாத்திரிகர்களில் பலர் இங்கே இறங்கிக் கோணேசுவரரைத் தரிசித்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திருவாரூருக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தியாகேசர் அங்கே கூப்பிடும்போது வழியில் யார்தான் நிற்பார்கள்?

ஆனாலும் தை மாதப் பிற்பாதியில் இந்தப் பக்கம் வரும் நேயர்கள் குடவாசலில் ஓர் இரவு தங்கிப் போகவேண்டுமென்பது என் சிபாரிசு. பகலில் பார்க்கவேண்டியது கோயில். இரவில் பார்க்கவேண்டியது, ஊருக்குத் தெற்கே, அறுவடையான வயல்களுக்கு அப்பால், அடிவானத்துக்குச் சற்று மேலே உள்ள ஓர் இடம். அந்த இடத்தில் 1987-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் வரையில் ஒரு நட்சத்திரம் இருந்தது. இப்போது இல்லை.

"இல்லாத நட்சத்திரத்தைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நட்சத்திரம் எது, அது எப்படி வாழ்ந்தது, ஏன் அப்படி ஒரு விபரீத மரணம் அடைந்தது என்பதையெல்லாம் மனிதர்கள் துப்புத் துலக்கிய கதை, எந்தத் துப்பறியும் நாவலுக்கும் குறைந்ததன்று. அந்தக் கதையைச் சொல்வதற்குக் குடவாசலைக் காட்டிலும் பொருத்தமான ஊர் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காரணத்தைக் கேளுங்கள்.

ஊரும் பேரும்

குடக்கு என்றால் மேற்கு. இவ்வூர்ச் சிவாலயம் மேற்கு நோக்கி நிற்பது. ஆகையால் குடவாயில் என்ற பெயர் வந்தது என்பார்கள். அமிருத குடத்தின் வாய்ப்பகுதி இங்கே விழுந்தது, அதனால் குடவாயில் ஆயிற்று என்று ஸ்தல புராணம் சொல்லும். எப்படியானாலும் ஊர் பழையது. திருஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம். கோயில் உயரமான மேடையின்மேல் எழுந்த மாடக்கோயில். இத்தகைய மாடக்கோயில்களைக் கட்டியவன் கோச்செங்கட் சோழன் என்பது மரபு.

அந்தச் செங்கணானின் பெயரோடு இவ்வூருக்கு இன்னொரு சம்பந்தமும் உண்டு. அது அவ்வளவு மங்களமானதன்று. சேரமான் கணைக்கால் இரும்பொறை என்ற அரசன் செங்கணானோடு போரிட்டுத் தோற்றுச் சிறைப்பட்டான். அவனை அடைத்து வைத்த இடம் குடவாயிற் கோட்டம். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான், உடனே கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தபோது அதைக் குடிக்க மானம் இடம் கொடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு உயிர் நீத்தான். புறநானூற்றின் 74-ஆம் பாட்டு அதுதான்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? பாட்டில் அரசன் பெயரும் இல்லை, ஊரின் பெயரும் இல்லை. பாட்டுக்குக் கீழே, பெயர் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் சில வரிகளில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். பாடியவன் இன்னான், அடைபட்டது இன்ன இடம், நடந்தது இன்னது என்பது அந்தக் குறிப்பு. ஏட்டைப் பிரதி செய்தவர்களும் அதைப் பாட்டோடு சேர்த்தே பிரதி செய்தார்கள். 1894-இல் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியபோது அதுவும் நம் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் குறிப்பு இல்லையானால் உருக்கமான ஒரு பாட்டு மிஞ்சியிருக்கும். இறந்தவன் யார் என்பது தெரியாமலே போயிருக்கும். இவ்வூர்ப் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட வரலாற்றறிஞர் குடவாயில் பாலசுப்ரமணியன் போன்றவர்கள் பிற்காலத்தில் கல்லையும் ஏட்டையும் துருவி ஆராய்ந்ததெல்லாம் இத்தகைய குறிப்புக்களை நம்பித்தானே?

நட்சத்திரங்களின் உலகத்திலும் இதே சட்டந்தான் நடக்கிறது. ஒரு நட்சத்திரம் வெடிக்கும்போது கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ளவர்களும் அதைப் பார்க்கிறார்கள். ஆனால் வெடித்தது யார் என்று சொல்ல, அது சாதாரணமாக இருந்த காலத்தில் அதைப்பற்றி யாராவது ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்க வேண்டும்.

அணையும் விளக்கு

அணையப் போகும் விளக்கு சுடர்விட்டு எரியும் என்று நம் பாட்டிமார் சொல்லுவார்கள். பெரிய நட்சத்திரங்களின் விஷயத்தில் இது அப்படியே உண்மை. சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள நட்சத்திரம், தன் வயிற்றிலுள்ள எரிபொருளெல்லாம் தீர்ந்து நடுவே இரும்பு சேர்ந்ததும், உள்ளே இடிந்து விழுகிறது. விழுந்த வேகத்தில் வெளிப்பகுதி சிதறிப் பறக்கிறது. சில வாரங்களுக்கு அந்த ஒற்றை நட்சத்திரம், கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு மண்டலத்துக்கே சமமாகப் பிரகாசிக்கும். இதற்குத்தான் சூப்பர் நோவா என்று பெயர்.

இப்படிச் சாகப்போகும் நட்சத்திரம் ஒன்றை நாம் எல்லாரும் அறிவோம். மார்கழியில் களி செய்து கொண்டாடுகிறோமே, அந்தத் திருவாதிரையேதான். சிவந்த, ஊதிப் பருத்த கிழ நட்சத்திரம். அதைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் பூமியை விழுங்கிச் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். 2019-ஆம் வருஷக் கடைசியில் அது திடீரென்று மங்கியபோது, "வெடிக்கப் போகிறதோ?" என்று உலகமே அண்ணாந்து பார்த்தது. அது கக்கிய தூசிதான் முகத்தை மறைத்தது என்று பிறகு தெரிந்தது. இன்னும் ஒரு லட்சம் வருஷத்துக்குள் அது வெடிக்கலாம். 2023 மே மாதத்தில் ஜப்பானியரான கோய்ச்சி இடகாகி கண்டுபிடித்த சூப்பர் நோவாவும், பழைய படங்களைப் புரட்டிப் பார்த்ததில், தூசி போர்த்த இத்தகைய செந்நிறக் கிழவரின் மரணமே என்று தெரிந்தது.

இவையெல்லாம் எதிர்பார்த்த மரணங்கள். எதிர்பாராத மரணம் ஒன்றைப் பார்க்கத்தான் நாம் வயல்வெளிக்குப் போகவேண்டும்.

களத்துமேட்டில்

தையில் சம்பா அறுவடை ஆனபிறகு இந்தப் பிரதேசம் பார்ப்பதற்கு வேறு மாதிரியாக இருக்கும். ஆளுயரக் கதிர் நின்ற இடத்தில் அரிதாளும், அதனூடே முளைவிட்ட உளுந்தும் பயறுமாகத் தரை தெரியும். மலை கிடையாது, மேடு கிடையாது. தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி நாலு பக்கமும் சமமான பூமி. வான சாஸ்திரிகள் மலையுச்சியைத் தேடி ஓடுகிறார்கள். அடிவானம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் காவிரிப் படுகையைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஓய்வு பெற்ற ஆசிரியரான நண்பர் ஒருவரும், அந்த நிலங்களுக்குச் சொந்தக்காரரான பெரியவர் ஒருவரும் என்னுடன் களத்துமேட்டுக்கு வந்தார்கள். மணி ஒன்பது. வேட்டைக்காரன் என்று மேனாட்டார் பெயரிட்ட மண்டலத்தின் இடுப்பிலுள்ள மூன்று நட்சத்திரங்களும் நேர் உச்சிக்குச் சற்றுத் தெற்கே வந்து நின்றன. திருவாதிரை அவற்றுக்கு வடக்கே செம்பொட்டாகத் தெரிந்தது.

"அந்த மூன்று நட்சத்திரங்களுக்கும் முதுகைக் காட்டாமல் அப்படியே தெற்கே இறங்குங்கள்" என்றார் ஆசிரியர். "கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் பத்துப் பாகை. அடிவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில், சற்றே இடப்பக்கமாகப் பளிச்சென்று தெரிகிறதே, அதுதான் அகத்தியர்."

"அகத்தியரைத் தெரியாதா, வாத்தியார் ஐயா? அவர் கமண்டலத்துத் தண்ணீரைத்தானே பாய்ச்சிக்கொண்டிருக்கிறோம்!" என்றார் பெரியவர்.

"அவருக்குக் கீழே, நேர் தெற்கில், அடிவானத்திலிருந்து ஒரே ஒரு முஷ்டி உயரம். அதுதான் நாம் பார்க்க வந்த இடம்."

அங்கே மெகல்லன் பெருமேகம் என்ற சிறிய நட்சத்திர மண்டலம் இருக்கிறது. நல்ல இருட்டும் சுத்தமான காற்றும் வாய்த்தால் மங்கலான பஞ்சுத் துணுக்குப் போலத் தெரியும். அங்கிருந்து ஒளி இங்கே வந்து சேர ஏறக்குறைய 1,60,000 வருஷம் ஆகிறது. ஐரோப்பாவில் யாரும் அதைப் பிறந்த ஊரிலிருந்து காணமுடியாது. நமக்கோ அது வயலுக்கு மேலே நிற்கிறது.

பகல் ஒரு மணி ஐந்து நிமிஷம்

1987 பிப்ரவரி 23-ஆந் தேதி, திங்கட்கிழமை, நம் கடிகாரப்படி பகல் 1 மணி 5 நிமிஷம். குடவாசலில் பலர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். அப்போது அவர்கள் ஒவ்வொருவருடைய உடம்பிலும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட நியூட்ரினோ என்னும் அணுவினும் நுண்ணிய துகள்கள், பூமிக்கு அடியிலிருந்து மேல்நோக்கி ஊடுருவிப் போயின. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஜப்பானில் காமியோகா சுரங்கத்திலும், அமெரிக்காவில் ஓர் உப்புச் சுரங்கத்திலும், ருஷியாவில் பக்சானிலும் பாதாளத்தில் வைத்திருந்த கருவிகள் மட்டும் சுமார் இரண்டு டஜன் துகள்களைப் பதிவு செய்தன. தென்வானில் ஒரு நட்சத்திரத்தின் வயிறு இடிந்து விழுந்த செய்தி அது. சில மணி நேரம் கழித்து ஒளியும் வந்தது. சிலி தேசத்து லாஸ் காம்பனாஸ் மலையில் இயன் ஷெல்டன் என்ற இளைஞர், தாம் எடுத்த போட்டோத் தகட்டில் புதிதாக ஒரு பெரிய புள்ளியைக் கண்டார். சந்தேகம் தீர வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். புள்ளி அங்கேயும் இருந்தது! 1604-ஆம் வருஷத்துக்குப் பிறகு வெறுங்கண்ணுக்குத் தெரிந்த முதல் சூப்பர் நோவா அதுதான்.

உடனே எழுந்த கேள்வி: வெடித்தது யார்?

நிக்கோலஸ் சாண்டுலீக் என்பவர் அமெரிக்கர். மெகல்லன் மேகத்திலுள்ள நட்சத்திரங்களுக்கு 1970-இல் ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தார். வானத்தைப் பாகை பாகையாகப் பட்டை போட்டு, ஒவ்வொரு பட்டையிலும் உள்ள நட்சத்திரங்களுக்கு இலக்கம் கொடுத்த பட்டியல். நம் தாலுகா கச்சேரியில் சர்வே நம்பர் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. சூப்பர் நோவா தோன்றிய இடத்தைப் பட்டியலில் தேடினால், தெற்கே 69-ஆம் பாகைப் பட்டை, 202-ஆம் நம்பர் என்று வந்தது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி நட்சத்திரத்தைவிட முந்நூறு மடங்கு மங்கலான ஒரு சாதாரணப் பேர்வழி. அதற்காகச் சாண்டுலீக் தனியாக ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு நம்பர்; அவ்வளவுதான்.

ஆனால் வழக்கு அத்துடன் முடியவில்லை. 202-ஆம் நம்பர் நீல நிற நட்சத்திரம்! சாகப்போகிறவர் திருவாதிரையைப்போல் சிவந்து ஊதியிருக்க வேண்டும் என்பதுதானே சாஸ்திரம்? நீல நட்சத்திரம் எப்படி வெடிக்கும்? போதாக்குறைக்கு, புற ஊதாக் கதிர்களைப் பார்க்கும் செயற்கைச் சந்திரன் ஒன்று, வெடிப்பின் உக்கிரம் தணிந்ததும், அதே இடத்தில் ஒரு நீல ஒளி இன்னும் இருப்பதாகக் காட்டிற்று. "202-ஆம் நம்பர் சாகவில்லை, செத்தது வேறு யாரோ!" என்று சிலர் தீர்ப்புக் கூறினார்கள். மறுபடியும் பழைய தகடுகளை எடுத்து அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். 202-ஆம் நம்பருக்கு மிக நெருக்கத்தில் இரண்டு அண்டை நட்சத்திரங்கள் இருந்தது அப்போதுதான் துலங்கிற்று. மிஞ்சியிருந்த ஒளி அந்த இரண்டினுடையதே. இடையில் இருந்த நீல நட்சத்திரத்தைக் காணோம். ஆக, செத்தது அதுதான்.

இந்த வெடிப்பு நடந்துகொண்ட விதமும் விசித்திரமாகவே இருந்தது. முதலில் எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தோன்றி, மூன்று மாதம் வரையில் மெள்ள மெள்ள ஏறிற்று. வெடித்தது உருவத்தில் சிறிய நீல நட்சத்திரம் என்றால் அப்படித்தான் நடக்கவேண்டும். பிறகு அதைச் சுற்றி மூன்று வளையங்கள் தென்பட்டன. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த பலர் வந்த முடிவு இது: வெடிப்பதற்கு ஏறக்குறைய 20,000 வருஷத்துக்கு முன்னால், அது ஒரு நட்சத்திரமாக இல்லை; ஒன்றையொன்று சுற்றிய இரண்டு நட்சத்திரங்களாக இருந்தது. பெரியது சிறியதை விழுங்கிற்று. விழுங்கிய வேகத்தில் வளையங்களைக் கக்கிவிட்டு நீலமாக மாறிற்று. பிறகு வெடித்தது.

நம் பங்கும் இதில் உண்டு. திருப்பத்தூர்ப் பக்கம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாராய்ச்சி நிலையத்திலிருந்து இந்திய விஞ்ஞானிகள் இதன் நிறமாலையை எடுத்து அதே வருஷத்தில் வெளியிட்டார்கள். காவலூரில் அது அடிவானத்துக்கு மேல் எட்டுப் பாகைதான் ஏறும். குடவாசலில் அதைவிட ஏறக்குறைய இரண்டு பாகை அதிகம்! அத்தனை தாழ்ந்த இடத்திலுள்ள ஒளியை, பூமியின் காற்றும் தூசியும் தின்று போக மிஞ்சியதை, பிடித்து ஆராய்ந்தவர்களின் பொறுமையை என்னவென்று சொல்ல? காவலூரின் 2.34 மீட்டர்த் தூரதிருஷ்டிக் கண்ணாடியும் நம் தேசத்திலேயே நம்மவர்கள் தேய்த்து இழைத்துச் செய்தது. 1986 ஜனவரியில் திறந்து வைத்தார்கள். அந்த நிலையத்துக்கு இன்று வேணு பாப்புவின் பெயர் வழங்குகிறது.

பங்காளி விவகாரம்

பெரியவர் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "எல்லாம் சரி. எங்கேயோ ஒரு நட்சத்திரம் செத்தது. அது நீலமா சிவப்பா என்று தெரிந்து நமக்கு என்ன ஆகவேண்டும்?" என்று கேட்டார்.

ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்கள் வீட்டு மரக்காலில் ஒன்று சற்றே பெரிதாகவும் ஒன்று சற்றே சிறிதாகவும் இருந்தால் என்ன ஆகும்?" என்று திருப்பிக் கேட்டார்.

"அளந்த நெல் அவ்வளவும் சந்தேகந்தான்!"

"அப்படியானால் கேளுங்கள்."

அவர் சொன்னதன் சாரம் இது. திருவானைக்காவில் 1888-இல் பிறந்த சர். சி. வி. ராமனின் தமையனார் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். பத்தொன்பது வயதில், 1930 ஜூலை 31-ஆந் தேதி, மேல்படிப்புக்காகப் பம்பாயில் கப்பல் ஏறினார். கப்பலில் மற்றவர்கள் பொழுதுபோக்கிக்கொண்டிருக்க, இவர் 'வெள்ளைக் குள்ளன்' என்னும் நட்சத்திரப் பிணங்களைப்பற்றிக் கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கி, பூமியளவு பருமனில் சூரியனளவு எடையோடு கிடக்கும் நட்சத்திரங்கள் அவை. அத்தகைய ஒன்றின் எடை, சூரியனைப்போல் 1.4 மடங்குக்கு மேல் போகமுடியாது என்பது அந்தக் கணக்கிலிருந்து வளர்ந்த முடிவு. 1935 ஜனவரியில் லண்டனில் ஒரு சபையில் எடிங்டன் என்ற பேரறிஞர் அதைப் பரிகாசம் செய்தார். சந்திரசேகர் மனம் தளரவில்லை. 1983-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இன்று உலகம் அதைச் 'சந்திரசேகர் எல்லை' என்றுதான் சொல்லுகிறது.

அந்த எல்லைக்கும் மரக்காலுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு வெள்ளைக் குள்ளனுக்குப் பக்கத்தில் வேறொரு நட்சத்திரம் இருந்துவிட்டால், குள்ளன் சும்மா இருப்பதில்லை. இரவோடு இரவாக வரப்பை வெட்டித் தள்ளும் பங்காளியைப்போல், அடுத்தவருடைய வாயுவைச் சிறிது சிறிதாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். எடை ஏறி எல்லையை நெருங்கியதும் முழுவதும் வெடித்துப்போகும். எல்லாம் ஏறக்குறைய ஒரே எடையில் வெடிப்பதால் பிரகாசமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மங்கலாகத் தெரிந்தால் தூரத்தில் இருக்கிறது, பிரகாசமாகத் தெரிந்தால் பக்கத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். பிரபஞ்சத்தையே அளக்கும் மரக்கால் இதுதான். இதைக் கொண்டு அளந்துதான், பிரபஞ்சம் வரவர அதிக வேகமாக விரிகிறது என்று 1998-இல் கண்டார்கள்.

ஆனால் மரக்கால்களில் சில கோளாறாகவும் இருக்கின்றன. 2003-இல் தோன்றிய ஒரு வெடிப்பு அளவுக்கு மீறிப் பிரகாசித்தது. கணக்குப் பார்த்தால் வெடித்த பொருளின் எடை சூரியனைப்போல் இரண்டு மடங்கு என்று வந்தது! இரண்டு குள்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கலந்து வெடித்திருக்கலாம் என்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, நமத்துப்போன பட்டாசு போல அரைகுறையாக வெடிப்பவையும் உண்டு. 2002-இல்தான் இந்த இனத்தின் முதல் மாதிரி அகப்பட்டது. 2005-இல் தோன்றிய இன்னொன்றை லடாக்கில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், ஹான்லே என்ற இடத்திலுள்ள நம் இமாலயச் சந்திரா தூரதிருஷ்டியால் மாதக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். சந்திரா என்பது சந்திரசேகரின் செல்லப் பெயர். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டையில் உட்கார்ந்துகொண்டே அதை இயக்குகிறார்கள்.

இந்த நமத்த பட்டாசு எங்கிருந்து வந்தது என்பதற்குச் சாட்சி 2012-இல் கிடைத்தது. வானத்து நதி என்று மேனாட்டார் பெயரிட்ட எரிடானஸ் மண்டலத்துத் திசையில், சுமார் பத்துக் கோடி ஒளி வருஷத்துக்கு அப்பால் ஒரு வெடிப்பு. அந்த இடத்தை ஹப்பிள் தூரதிருஷ்டி 2005-லும் 2006-லும் வேறு ஒரு காரியத்துக்காகப் படம் எடுத்திருந்தது. படத்தைப் புரட்டினால், வெடித்த இடத்தில் ஒரு நீல ஒளிப்புள்ளி! குள்ளனுக்கு வாயு கொடுத்து வந்த ஹீலிய நட்சத்திரமாக இருக்கலாம் என்று 2014-இல் கர்ட்டிஸ் மெக்கல்லியும் அவருடைய தோழர்களும் எழுதினார்கள். எல்லாம் அடங்கியபிறகு மறுபடி பார்த்தார்கள். 2022-இல் வெளியான முடிவு: அந்தப் புள்ளி மறையவும் இல்லை, முன்னைவிடப் பிரகாசமாகவே இருக்கிறது. குள்ளன் முழுவதும் சாகாமல் பாதி உயிரோடு தப்பியிருக்கலாம் என்பது ஊகம்.

இன்னொரு வழக்கு 2013-இல். தன் மேலாடையான ஹைட்ரஜனைப் பறிகொடுத்த நட்சத்திரம் ஒன்று வெடித்தது. இந்தூரைச் சேர்ந்த மான்சி கஸ்லிவால் உட்பட்ட குழுவினர், பழைய ஹப்பிள் படத்தில் அதன் முகத்தைக் கண்டுபிடித்தார்கள். ஹான்லேயிலும் அதை ஆராய்ந்தார்கள். வெளிச்சம் அடங்கியபின் பார்த்ததில் அந்த முகம் மறைந்துபோயிருந்தது. அவ்வகை வெடிப்பில் இன்ன நட்சத்திரம் என்று சுட்டிக்காட்டியது அதுவே முதல் தடவை. ஆடையைப் பறித்தது யார்? இங்கேயும் பக்கத்தில் ஒரு துணை நட்சத்திரம் இருந்திருக்க வேண்டும் என்பதே பலருடைய அபிப்பிராயம். விபரீதமான மரணங்களைத் துருவிப் பார்த்தால், பெரும்பாலும் குடும்ப விவகாரமாகவே முடிகிறது!

"பங்காளி இருந்தால் வில்லங்கம் இருக்கத்தானே செய்யும்?" என்றார் பெரியவர். "ஆனால் வில்லங்கம் தெரியவேண்டுமானால் பழைய பத்திரம் வேண்டும்."

சாஸ்திரம் அவ்வளவும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

பத்திரம் எழுதியவர்கள்

1006-ஆம் வருஷம் சித்திரையில் தென்வானில் ஒரு புது நட்சத்திரம் தோன்றிற்று. சுக்கிரனைவிடப் பிரகாசமானது. மனிதர்கள் எழுதி வைத்தவற்றில் அதைக் காட்டிலும் பிரகாசமான நட்சத்திரம் கிடையாது. அப்போது தஞ்சையில் ராஜராஜ சோழர் ஆண்டுகொண்டிருந்தார். பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. கல் சுமந்தவர்களும் உளி பிடித்தவர்களும் இரவில் தெற்கே திரும்பினால் அது அடிவானத்துக்கு நாலு முஷ்டி உயரத்தில் நின்றிருக்கும். அந்தக் கோயில் கல்வெட்டுக்களில் தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேருடைய பெயரும் வீட்டு வரிசையும் இருக்கின்றன. அதனால் ஆயிரம் வருஷத்துக்கு அப்பாலும் அந்தப் பெண்கள் யார் என்று நமக்குத் தெரிகிறது. அந்த நட்சத்திரத்தின் கதையை உலகம் அறிந்ததோ சீனரும் ஜப்பானியரும், எகிப்தில் அலி இப்னு ரித்வானும் எழுதிய குறிப்புக்களால். அவர்கள் சொன்ன இடத்தில் தேடித்தான், வெடித்துச் சிதறிய புகையை இக்காலத்தவர் கண்டுபிடித்தார்கள். தப்பிய துணை நட்சத்திரம் ஏதும் அங்கே இருக்கிறதா என்று தேடி, 2012-இல் 'இல்லை' என்று அறிவித்தார்கள். ஆகவே அதுவும் இரண்டு குள்ளர்கள் கலந்து செத்த கதையாக இருக்கலாம்.

நம் நாட்டிலும் பத்திரம் எழுதியவர்கள் இல்லாமலில்லை. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் டி. ஜி. டெய்லர் 11,015 நட்சத்திரங்களின் இடத்தை அளந்து 1844-இல் பட்டியலாக வெளியிட்டார். அதே நிலையத்தில் ரகுநாதாசாரி 1867-இல், ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது இருப்பதும் தென்வானில், மெகல்லன் மேகத்துக்குப் பக்கத்து மண்டலத்திலேதான். அந்த நிலையத்தின் பரம்பரையே கோடைக்கானலுக்கும், பிறகு காவலூருக்கும் ஹான்லேக்கும் தொடர்ந்தது. இரவு முழுவதும் கண்விழித்து நம்பர் நம்பராக எழுதியவர்களுக்கு, அந்த நம்பர்களில் எது பிற்காலத்தில் பேர் பெறும் என்பது தெரியாது. ஒன்றும் பேர் பெறாமலே போகலாம். ஆனாலும் எழுதினார்கள்.

இப்போது சிலியில் வேரா ரூபின் பெயரால் ஒரு பெரிய வானாராய்ச்சி நிலையம் எழுந்திருக்கிறது. அதன் முதல் படங்கள் 2025 ஜூனில் வெளியாயின. பத்து வருஷ காலம், சில இரவுகளுக்கு ஒரு முறை, தென்வானம் முழுவதையும் திரும்பத் திரும்பப் படம் பிடிப்பது அதன் திட்டம். ஆகாயத்துக்கே ரீசர்வே நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இனி வெடிக்கப்போகும் எத்தனையோ நட்சத்திரங்களின் முகம் அந்தப் படங்களில் முன்கூட்டியே ஏறிவிடும்.

தென்வானத்தைக் காண விரும்பும் நேயர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. தை மாதப் பிற்பாதியில், சந்திரன் இல்லாத இரவு பார்த்துப் போங்கள். விளக்குகளை விட்டு விலகி வயலோரமாக நில்லுங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் முஷ்டி அளவை அவர்களே பார்த்துச் சொல்லட்டும். அவர்கள் கைக்கும் அதே பத்துப் பாகைதான். அகத்தியரைக் கண்டுபிடித்துக் கீழே இறங்குங்கள். 69-ஆம் பாகை, 202-ஆம் நம்பர் இருந்த இடம் அதுதான். பிறகு வீட்டுக்கு வந்ததும், அன்று பார்த்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். திருவாதிரையின் பிரகாசம் அன்று எப்படி இருந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும். அந்த நோட்டுப் புத்தகத்தைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.